புது சேஸிஸில் பழைய லாரி கேபின்: எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது

பழைய லாரியின் முகம் வேண்டும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் இழுவையும் இன்றைய வண்டியுடையதாக இருக்க வேண்டும். 1947 முதல் 1955 வரை வந்த செவ்ரோலே அட்வான்ஸ் டிசைன், 1953–56 ஃபோர்டு எஃப்-100, டாட்ஜ் பவர் வேகன் போன்ற கேபின்களை எஃப்-450, ராம் 3500 மாதிரியான கனரக சேஸிஸ்களில் உட்கார வைப்பது இதற்காகத்தான். கேபினை இறக்கிப் பார்த்ததும் ஒன்றும் பொருந்தாது. உடனே கை கிரைண்டரைத் தேடும், சேஸிஸின் பக்கம் போகும். வேலை கெடுவது அந்த இடத்தில்தான்.

சேஸிஸ் என்பது கணக்குப் போட்டு, பாரம் ஏற்றிச் சோதித்து, ஸ்பிரிங்கும் ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒன்றுக்கொன்று இசைவாக அமைத்துத் தரப்பட்ட பொருள். கேபின் தகரம். இரண்டும் பொருந்தவில்லை என்றால் தகரம்தான் வழிவிட வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு முடிவும் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கிறது. சேஸிஸ் தரும் வண்டியை இனி தாய்வண்டி என்று சொல்வோம்.

தாய்வண்டி

முதலில் பார்க்க வேண்டியது வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம். அட்வான்ஸ் டிசைன் செவ்ரோலேயில் அரை டன் வண்டிக்கு 116 அங்குலம், முக்கால் டன்னுக்கு 125.25, ஒரு டன்னுக்கு 137. 1953–56 எஃப்-100க்கு 110 அங்குலம். கனரக சேஸிஸ்களோ 140 அங்குலத்தை ஒட்டித்தான் தொடங்குகின்றன. அதனால் அரை டன் வண்டியின் குட்டை உருவத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு டன், ஒன்றரை டன் பழைய லாரியின் நீளத்தை மனதில் வைத்துக்கொண்டால் அளவுகள் தாமாக ஒத்துவரும். பார்வைக்கும் அதுவே அழகு.

பிக்கப்பைவிட, பின்பக்கம் மொட்டையாக விற்கப்படும் சேஸிஸ்-கேப் வண்டி மேல். கேபினுக்குப் பின்னால் அதன் சட்டம் (ஃபிரேம்) நேராக, மேல்பக்கம் சமமாக, சுமார் 34 அங்குல அகலத்தில் ஓடும். எந்தச் சரக்குப் படுக்கையையும் மேலே வைக்கலாம். ஒற்றைக் கேபின் வண்டியாக, கேபின் முதுகிலிருந்து பின் அச்சு மையம் வரை 60 அங்குலம் உள்ளதாகப் பாருங்கள். 84 அங்குலம் உள்ளது நீளமான படுக்கைக்கு. நாலு கதவு வண்டியை மலிவாக வாங்கிச் சட்டத்தை நடுவில் வெட்டிச் சுருக்கலாம் என்று தோன்றும். பல கனரகச் சட்டங்கள் வெப்பப் பதமூட்டிய எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், பிற்பாடு அதே இடத்தில் விரிசல் விடும். சரியான நீளத்தில் இன்னொரு வண்டி கிடைக்கும் வரை காத்திருப்பது மேல்.

உருண்டு கேபின் நசுங்கிய வண்டி நல்ல தேர்வு. ஆனால் சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே. இரு பக்கச் சட்டத்திலும் ஒரே இடத்தில் உள்ள துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் புள்ளி வைத்து, மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சட்டம் வேண்டாம். வெள்ளத்தில் மூழ்கியது எந்த விலைக்கும் வேண்டாம். கனெக்டர்களுக்குள் ஏறிய பச்சைக் களிம்பு ஒன்றரை வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சாவி, டேஷ்போர்டு, பெடல்கள், ஒயரிங் எல்லாம் முழுசாக இருந்து, ஓட்டிப் பார்க்க முடிகிற வண்டியே வேண்டும்.

ஒயரிங் பக்கம் போகவே பயப்படுகிறவர்களுக்கு 1989 முதல் 1998 நடுப்பகுதி வரை வந்த டாட்ஜ் 12 வால்வு 5.9 லிட்டர் கம்மின்ஸ் வண்டி பொருத்தம். அதன் டீசல் பம்ப் இயந்திர முறையில் வேலை செய்வது. இன்ஜின் ஓட இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தயவு தேவையில்லை. அதற்குப் பின் வந்த 24 வால்விலிருந்து மின்னணுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அந்த வகையில் இன்ஜின், கியர்பாக்ஸ், ஏபிஎஸ், சாவிப் பூட்டு எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்; ஒன்றை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது.

பதிவு விஷயத்தை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். கட்டி முடிந்த வண்டி எந்த ஆண்டின் வண்டியாகக் கருதப்படும், புகை விதி எந்த ஆண்டுடையது என்பது நாட்டுக்கு நாடு மாறும். சேஸிஸ் எண்ணையும் கேபின் எண் தகட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றவோ அழிக்கவோ இடம் மாற்றவோ கூடாது.

பிரிக்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

கேபின் இறங்கியதும் முன் ஸ்பிரிங் மேலே எழும்பிவிடும். அப்போது எடுக்கிற எந்த உயரமும் பொய். ஆகவே எரிபொருள் நிரம்பி, டயரில் சரியான காற்றோடு, சமதரையில் வண்டி நிற்கும்போதே இவற்றை எடுத்து எழுதி வையுங்கள்: நான்கு சக்கர மையத்துக்கும் நேர் மேலே, சட்டத்தின் மேல்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், அச்சுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (அச்சு மேலே வந்து சட்டத்தில் இடிக்காமல் தடுப்பது) இடையே எவ்வளவு, முன் சக்கர மையத்திலிருந்து ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவர்) எவ்வளவு பின்னால், ஸ்டியரிங் வளையத்தின் மையம், பிரேக் பெடல் முகம், இருக்கையின் பின்மூலை ஆகியவை சட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம். ஓட்டுநர் இருக்கும் இடத்தைக் கடைசியில் முடிவு செய்வது இந்த எண்கள்தான்.

ஸ்கேனர் மாட்டி எல்லா மாட்யூலின் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின்) பிழைக் குறியீடுகளையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு கனெக்டருக்கும் இரு முனையிலும் ஒரே எண் எழுதி ஒட்டிப் படம் எடுங்கள். காகித ஸ்டிக்கர் எண்ணெய் பட்டால் உதிரும். துணி டேப்பில் எழுதுங்கள்.

பிரித்த பிறகு பழைய கேபினை உடனே தூக்கிக்கொண்டு வராதீர்கள். மொட்டைச் சேஸிஸில் ஒரு மரச் சட்டம் அடித்து, தாய்வண்டியின் டேஷ் ஒயரிங், மீட்டர் பெட்டி, ஆக்ஸிலரேட்டர் பெடல் எல்லாவற்றையும் அதில் மாட்டி இன்ஜினை ஓடவிடுங்கள். புதிய பிழைக் குறியீடு இல்லாமல் இப்படி ஓடினால், பிற்பாடு வரும் எந்தக் கோளாறும் நாம் கேபினுக்குள் செய்த வேலையால் வந்தது என்று தெரிந்துவிடும். இந்தப் படியை விட்டுவிட்டவர்கள் மாதக்கணக்கில் எலி பிடித்தது போல ஒயர் ஒயராகத் தேட வேண்டிவரும்.

கேபினைத் தயார் செய்தல்

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். பழைய கேஸ்கெட்டிலும் பிரேக் லைனிங்கிலும் கல்நார் இருக்கலாம். அவற்றைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது. இருக்கைக்குப் பின்னால் எரிபொருள் தொட்டி இருக்கும் கேபின் என்றால் அந்தத் தொட்டி திரும்ப வராது. தாய்வண்டியின் தொட்டி சட்டத்தில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

தளத்தை வெட்டும் முன்பு கதவுகளை மாட்டி, சுற்றிலும் இடைவெளி 4 முதல் 5 மி.மீ. வரும்படி கீலைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு 25 மி.மீ. சதுரக் குழாயால் உள்பக்கம் முட்டுக்கொடுங்கள்: கதவு வாயிலில் முன் தூணிலிருந்து பின் தூணுக்கு இரண்டு, அவற்றுக்குக் குறுக்கே ஒன்று, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் கேபினின் குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு. குழாய்கள் கதவு மூடும் தடத்தில் வராமல் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். வெல்டிங் நடக்கும்போது கதவை நூறு தடவை திறந்து மூடிப் பார்ப்பீர்கள்; முட்டு அதைத் தடுத்தால் முட்டு இருந்தும் பயனில்லை. கேபினைச் சேஸிஸோடு பிணைக்கும் மவுன்ட்டின் கடைசி போல்ட் முறுக்கும் வரை இதைக் கழற்றாதீர்கள்.

எங்கே வைப்பது

சேஸிஸை அச்சுகளுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். முன்னால் எடுத்த சட்ட உயரத்துக்கு வரும்வரை முன்பக்கம் எடை ஏற்றுங்கள், அல்லது சட்டத்தை அச்சோடு சேர்த்துச் சங்கிலியால் இறுக்குங்கள். சட்டத்தின் நடுக்கோட்டைத் தரையில் சாக்பீஸ் நூலால் அடியுங்கள். கேபினுக்கும் அதே போல நடுக்கோடு: ஃபயர்வாலின் நடுப்புள்ளி, பின் கண்ணாடியின் நடுப்புள்ளி.

இப்போது வரிசை முக்கியம். முதலில் முன் மட்கார்டு, அதன் வளைவின் நடுவில் சக்கர மையம் வரும்படி. பார்க்கிறவர் கண் முதலில் விழுவது அங்கேதான். சக்கரம் 20 மி.மீ. முன்பின் போனால்கூட வண்டி எங்கோ தப்பாகத் தெரியும், என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியாது. இரண்டாவது, மட்கார்டுக்கு ஏற்ற இடத்தில் கேபின். மூன்றாவதுதான் ஃபயர்வால் எங்கே இடிக்கிறது என்ற கேள்வி. இன்றைய டீசல் இன்ஜின்கள் கண்ணாடிக்கு அடியில், கேபினுக்குள் கொஞ்சம் புகுந்தே உட்காரும். பழைய ஃபயர்வால் தட்டையானது. இடிப்பது உறுதி. அதற்காகக் கேபினைப் பின்னால் தள்ளினால் பானட்டை நீட்ட வேண்டும், மட்கார்டை நீட்ட வேண்டும், முகமே மாறிவிடும். ஃபயர்வாலைக் குழித்துக்கொள்ளுங்கள்.

உயரத்தை முடிவு செய்வது இன்ஜினும் கியர்பாக்ஸும். கேபினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, மரக்கட்டைகளை அடுக்கி, 10 மி.மீ. 10 மி.மீ. ஆக இறக்குங்கள். பார்வைக்கு எவ்வளவு தாழ்வாக வேண்டுமோ அங்கே நிறுத்தி, இடிக்கிற தகரத்தைக் குறித்துக்கொண்டு வெட்டுங்கள். தகரத்துக்கும் இன்ஜினுக்கும் எங்கும் 25 மி.மீ. இடைவெளி வேண்டும், இன்ஜின் முறுக்கத்தில் அசையும் பக்கத்தில் 40. தளத்துக்கும் சட்டத்துக்கும் இடையே கேபிள், பிரேக் குழாய் போகவும் விரல் நுழையவும் இடம் விடுங்கள்.

வேலை கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் ஒரு இரவு அப்படியே விட்டு, மறுநாள் காலையில் இருபதடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு இன்னொரு தடவை அளவெடுங்கள். டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைப்பது அதன் பிறகு.

இன்ஜின் மேல் உட்காரும் கேபின் என்றால் கதை வேறு. இன்ஜின் இருக்கைகளுக்கு நடுவே வரும், ஓட்டுநர் முன் அச்சுக்கு மேலே போவார், ஸ்டியரிங் தண்டு பின்னோக்கி மடங்கி வர வேண்டும். முன்னே சாய்க்கும் வசதி இல்லாமல் மாட்டினால் இன்ஜின் எண்ணெய் அளவு பார்க்கக்கூட உள்ளே மூடியைத் திறக்க வேண்டும். முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள்.

தளம்: பழையதா, தாய்வண்டியுடையதா

இரண்டு வழி உண்டு. பழைய கேபினை அதன் தளத்தோடு வைத்து, கீழே புதுச் சட்டகம் கட்டுவது ஒன்று. தாய்வண்டிக் கேபினின் தளத்தையும் ஃபயர்வாலையும் வெட்டியெடுத்து, பழைய கேபினின் தோலை அதன் மேல் போர்த்துவது மற்றது. இரண்டாவதில் மவுன்ட், பெடல், ஸ்டியரிங், இருக்கை, சீட் பெல்ட் மாட்டும் ஆணி எல்லாம் தொழிற்சாலை வைத்த இடத்திலேயே நிற்கும். அதனால் மின்னணு வண்டிகளுக்கு அதுவே நல்ல வழி. ஆனால் இன்றைய தளம் பழைய கேபினைவிட அகலம். அதை நடுவில் வெட்டிக் குறுக்கினால் மவுன்ட் துளைகள் சட்டத்தின் தாங்கிகளைவிட்டு விலகிவிடும். எடுத்த லாபம் அத்தனையும் போகும். நடுப்பகுதியை அப்படியே வைத்து, இரு ஓரங்களையும் கதவுப்படிக்கு உள்பக்கமாக வெட்டுங்கள். பழைய கேபினின் கதவுப்படியும் தூண்களும் பழையவையாகவே இருக்கும், இணைப்பு தரைவிரிப்புக்குக் கீழே மறையும்.

இணைப்பை 25 மி.மீ. மேல்படிய வைத்து, 0.6 மி.மீ. கம்பியில் மிக் வெல்டிங் செய்யுங்கள். 25 மி.மீ. இடைவெளியில் டேக், பிறகு ஒரு டேக் இங்கே, அடுத்தது எதிர்முனையில் என்று மாற்றி மாற்றி நிரப்புங்கள். ஒரே கோடாக இழுத்தால் 1 மி.மீ. தகரம் அப்பளம் போல நெளியும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இரு முனையையும் கழற்றி, இசிஎம் கனெக்டர்களையும் எடுத்துவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டு விழும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். தொலைவில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங், மாட்யூல் வழியாக வழி தேடும்.

மவுன்ட்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

தாய்வண்டியின் சட்டத்தில் கேபின் தாங்கிகள் ஏற்கெனவே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்ட வேண்டாம். அவற்றிலிருந்து பழைய கேபினின் பலமான இடங்களுக்கு, அதாவது முன் தூணின் அடி, கதவுக்குப் பின் தூணின் அடி, பின்சுவரின் கீழ்மூலை ஆகியவற்றுக்கு, ஒரு இடைச்சட்டகம் கட்டுங்கள். 75×50×3 மி.மீ. செவ்வகக் குழாயில் நீளவாக்கில் இரண்டு, குறுக்கே மூன்று போதும். இந்தச் சட்டகம் கேபினோடுதான் வெல்டு ஆகும், சேஸிஸோடு அல்ல. மெல்லிய தகரத்தில் குழாயை நேரடியாக ஒட்டினால் பாரம் ஒரு கோட்டில் விழுந்து தகரம் கிழியும். நடுவில் 100×100×3 மி.மீ. தகடு வைத்து, அதைத் தகரத்தோடு சுற்றிலும் வெல்டு செய்து, தகட்டில்தான் குழாய்.

புதுத் தாங்கி வேண்டித்தான் ஆக வேண்டும் என்றால் 6 மி.மீ. தகட்டில் செய்து போல்ட்டில் மாட்டுங்கள். சி சேனலின் (C எழுத்து வடிவச் சட்டத்தின்) நிற்கும் பக்கத்தில் மட்டுமே துளை; மேல், கீழ் விளிம்புகளில் ஒரு துளைகூடக் கூடாது. வளையும் பாரத்தை ஏற்பது அந்த விளிம்புகள்தான். அங்கே விழும் துளை விரிசலின் பிறப்பிடம். தொழிற்சாலை போட்டுவைத்த காலித் துளைகள் நிறைய இருக்கும், முதலில் அவற்றைப் பயன்படுத்துங்கள். ஃபோர்டு, ராம், ஜெனரல் மோட்டார்ஸ் மூவரும் பாடி கட்டுகிறவர்களுக்கென்றே கையேடு வெளியிடுகிறார்கள். எங்கே துளைக்கலாம், எங்கே கூடாது என்று அதில் படமே இருக்கிறது. எம்12 போல்ட், 10.9 தரம், சுமார் 115 நியூட்டன் மீட்டர் முறுக்கு, 8.8 தரம் என்றால் சுமார் 80.

ரப்பர் புஷ் மேலொன்று, கீழொன்று. நடுவே எஃகுக் குழல். போல்ட் முறுக்கும்போது வாஷர் கடைசியில் குழலில் போய் முட்ட வேண்டும், அந்த நேரத்தில் ரப்பர் 3 முதல் 5 மி.மீ. அமுங்கியிருக்க வேண்டும். குழல் இல்லாமல் மாட்டினால் எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர் பிதுங்கிக்கொண்டே போகும், போல்ட் ஒருநாளும் இறுகாது. ஆயிரம் கிலோமீட்டரில் கடகட சத்தம் வரும். குழல் நீளமாகிவிட்டாலோ ரப்பர் தளர்ந்து கேபின் தாளம் போடும். பாலியூரித்தேன் புஷ் பளபளப்பாக இருக்கும். நீளமான சி சேனல் சட்டத்துக்கு அது மிகக் கடினம். ரப்பரே போதும்.

இப்போது முறுக்கச் சோதனை. கண்ணாடி மாட்டும் முன், பெயின்ட்டுக்கு முன், இதைச் செய்யாமல் நகராதீர்கள். கேபினை எல்லா போல்ட்டும் முறுக்கி மாட்டி, உள்முட்டுகளைக் கழற்றிவிட்டு, கதவுகளை மூடி, சுற்றிலும் பத்து இடத்தில் இடைவெளியை ஃபீலர் கேஜில் எடுத்து எழுதுங்கள். பிறகு வண்டியைத் தன் காலில் நிறுத்தி, ஒரு பின்சக்கரத்தை மட்டும் 150 மி.மீ. தூக்குங்கள். அதே பத்து இடத்தில் மறுபடியும் எடுங்கள். எங்காவது 1.5 மி.மீ.க்கு மேல் மாறினால், சட்டம் முறுக்கிக்கொள்வதைக் கேபின் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் முதலில் முன் தூண் அடியில், தூணும் கதவுப்படியும் சேரும் மூலையில், பெயின்ட்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். ஒரு மாதத்தில் அதில் துருநீர் கசியும். அடுத்து முன்கண்ணாடியின் கீழ்மூலையில் விரிசல். அதற்குப் பட்டி வைத்து மூடுவது தீர்வே இல்லை. பின் மவுன்ட் இரண்டையும் மென்மையான ரப்பருக்கு மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் பின்னால் இரண்டுக்குப் பதில் குறுக்குக் குழாயின் நடுவில் ஒற்றைச் சுழல் மவுன்ட் வையுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என்ற மூன்று புள்ளித் தாங்கலில் சட்டம் தன்பாட்டுக்கு முறுக்கும், கேபின் தன்பாட்டுக்கு நிற்கும். அப்போது பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கப் பின்மூலைகளில் ரப்பர் முட்டு வேண்டும்.

பெடலும் ஸ்டியரிங்கும்

டீசல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் தானாகக் கிடைக்காது. பல கனரக வண்டிகளில் பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட் இருக்கும். மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பெடல் மூன்றையும் ஒரே தொகுதியாகத் தாய்வண்டியிலிருந்தே எடுங்கள். பெடல் நீளத்தையோ தள்ளுகோல் மாட்டும் துளையையோ மாற்றினால் நெம்பு விகிதம் மாறும். பிரேக் பிடிக்கும், ஆனால் கால் உணர்வதும் வண்டி நிற்பதும் ஒத்துப்போகாது. பழைய ஃபயர்வால் சுமார் 1.2 மி.மீ. தகரம், அவசரமாக மிதித்தால் பூஸ்டரோடு சேர்ந்து முன்னால் வளையும். 3 மி.மீ. தகடு வைத்து, பெடல் தாங்கியை மேலே டேஷ் குறுக்குக் குழாயோடும் கட்டுங்கள். சரிபார்ப்பது எளிது: ஒருவர் முழுப் பலத்தோடு மிதிக்க, இன்னொருவர் பூஸ்டரின் விளிம்பில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அசைவு தெரிந்தால் இன்னும் முட்டு வேண்டும்.

ஏபிஎஸ் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நீட்ட வேண்டிய குழாய்க்கு 4.75 மி.மீ. எஃகு அல்லது செம்பு-நிக்கல் குழாய், முனையில் இரட்டை மடிப்பு. வெறும் செப்புக் குழாய் கூடவே கூடாது. அதிர்வில் கெட்டிப்பட்டு உடையும். காற்று எடுக்க ஸ்கேனர் வேண்டிவரும், ஏனென்றால் ஏபிஎஸ் வால்வுக்குள் சிக்கும் காற்று பெடல் மிதித்தால் மட்டும் வராது.

ஸ்டியரிங் தண்டில் ஒவ்வொரு யு-ஜாயிண்டும் 30 பாகைக்குள் இருக்கட்டும். இரண்டு ஜாயிண்ட் என்றால் இரு கோணமும் சமமாக, நடுத்தண்டின் இரு முனை நுகங்களும் ஒரே தளத்தில் வர வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் வளையம் ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு இடத்தில் கனமாகும், இரண்டு இடத்தில் லேசாகும். மூன்று ஜாயிண்ட் போட்டால் நடுவில் தாங்கு பேரிங் கட்டாயம். இல்லாவிட்டால் தண்டு கயிறு போல ஆடும். மோதினால் மடங்கும் தண்டுப் பகுதியை எக்காரணத்துக்கும் திடக் கம்பியால் மாற்றாதீர்கள். தண்டில் வெல்டிங்கும் வேண்டாம். வெட்டுமுகத்துக்குப் பொருந்தும் ஜாயிண்டும் பூட்டுத் திருகும் கிடைக்கின்றன.

குளிர்ச்சி, சூடு

பழைய கிரில் வாய் குறுகல். அதற்குப் பின்னால் ரேடியேட்டர், டர்போ காற்றுக் குளிர்விப்பான், கியர் எண்ணெய்க் குளிர்விப்பான், ஏசி கண்டென்சர் என்று ஒரு அடுக்கே நிற்க வேண்டும். அடுக்கைச் சிறிதாக்கினால் ஊருக்குள் ஒன்றும் தெரியாது. சுமையோடு மேட்டில் ஏறும்போதுதான் முள் சிவப்புக்குப் போகும். அடுக்கை அதன் சட்டத்தோடு அப்படியே வைத்து, பழைய மூக்கை அதைச் சுற்றிக் கட்டுங்கள். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பக்கவாட்டிலும் மேலும் கீழும் தகரம் அடைத்து, வரும் காற்று முழுவதும் அடுக்கின் வழியாகவே போகச் செய்வது பெரிய ரேடியேட்டர் போடுவதைவிடப் பலன் தரும். விசிறியின் பாதி அகலம் கூண்டுக்குள், பாதி வெளியே.

டிபிஎஃப் (டீசல் புகைக்கரி வடிகட்டி) உள்ள வண்டியில் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்போது 600 பாகை செல்சியஸ் வரை சூடாகும். அதைக் கழற்றுவது பல நாடுகளில் சட்டவிரோதம். அது இருக்கும் இடத்துக்கு மேலே தளத்தில் வெப்பத் தகடும், தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே 20 மி.மீ. காற்றிடைவெளியும் வேண்டும். ரப்பர், ஒயர், பிரேக் குழாய் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது.

மட்கார்டு

இன்றைய கனரக முன் அச்சு பழைய மட்கார்டைவிட அகலம். டயர் வெளியே துருத்தும். அச்சைக் குறுக்க வேண்டாம், மட்கார்டை அகலப்படுத்துங்கள். உச்சி முகட்டை ஒட்டி நீளவாக்கில் வெட்டி, 75 அல்லது 100 மி.மீ. பட்டை சேர்ப்பது வழக்கம். உங்கள் அளவை டயர்தான் சொல்லும். வெட்டும் முன் சஸ்பென்ஷனை பம்ப் ஸ்டாப் வரை அமுக்கி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, டயர் எங்கெல்லாம் போகிறது என்று அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து 30 மி.மீ. தள்ளித்தான் தகரம்.

ஒயரிங்

கேபின் ரப்பரில் நிற்கிறது. ஆக அது சட்டத்திலிருந்து மின்சாரத்தில் துண்டிக்கப்பட்டிருக்கிறது. இன்ஜினுக்கும் சட்டத்துக்கும், சட்டத்துக்கும் கேபினுக்கும் தனித்தனி எர்த் பட்டை, பெயின்ட் சுரண்டிய இடத்தில். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கேபின் தகரத்துக்கும் நடுவே மீட்டரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இந்த ஒரு பட்டை இல்லாததால் பத்து மாட்யூல்கள் தப்பான குறியீடு காட்டி, நல்ல மாட்யூலைத் தூக்கிப் போட்டவர்கள் பலர்.

மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் ஒயர் இரண்டும் முறுக்கியே போக வேண்டும். நீட்டினால் அதே முறுக்கில் நீட்டுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் இடையே ஓம் அளந்தால் 60 காட்ட வேண்டும். இரு கோடியிலும் 120 ஓம் தடையம் இருப்பதால் அது. 120 காட்டினால் ஒரு கோடி துண்டாகியிருக்கிறது. 60ஐவிட வெகு கீழே போனால் எங்கோ ஒயர் நசுங்கி ஒட்டியிருக்கிறது, அல்லது கூடுதல் தடையம் ஒன்று சேர்ந்திருக்கிறது. அதிகமான நீளத்தை இப்போதைக்கு வெட்டாமல் மடித்துக் கட்டுங்கள். பழைய மீட்டர் முகப்பு வேண்டும் என்றால் அதற்குத் தனி சென்ஸர்கள் போட்டு, தாய்வண்டியின் மீட்டர் பெட்டியை இருக்கைக்குப் பின்னாலோ டேஷுக்குள்ளோ மறைத்து வையுங்கள். பல வண்டிகளில் சாவிப் பூட்டு அதன் வழியாகத்தான் பேசும், அதைக் கழற்றினால் இன்ஜின் ஓடாது.

ஏர்பேக் விஷயத்தில் உறுதியாக இருங்கள். மோதலை உணரும் கணக்கு தாய்வண்டியின் உடலுக்குப் போட்டது; பழைய மூக்கின் பின்னால் அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேட்டரியைக் கழற்றி, சேவைக் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, முறைப்படி நீக்குங்கள். அதற்குப் பதில் பெல்ட் ஆணிகள் ஐயமின்றி இருக்க வேண்டும். பழைய கேபினின் தூண் வெறும் மடித்த தகரம். தோள் ஆணிக்கு உள்ளே குழாய் இறக்கி, அதை இடைச்சட்டகத்தோடு வெல்டு செய்யுங்கள். ஒவ்வொரு ஆணிக்கும் பின்னால் 75×75×3 மி.மீ. தகடு, 7/16 அங்குல பெல்ட் போல்ட். ஆணியிலிருந்து சட்டகம், சட்டகத்திலிருந்து மவுன்ட் போல்ட், போல்ட்டிலிருந்து சேஸிஸ் என்று பாரம் போகும் வழியில் எங்கும் வெறும் தகரம் இடையில் வரக் கூடாது.

முதல் ஓட்டம்

படுக்கை, எரிபொருள், ஓட்டுநர் எல்லாம் ஏறிய பிறகு இரண்டு அச்சையும் தனித்தனியே எடை போடுங்கள். முன்பக்கம் இலகுவாகிவிட்டதால் சட்டம் தாய்வண்டி உயரத்தைவிட மேலே நிற்கலாம்; எடை தெரியும் முன் ஸ்பிரிங் பட்டையை உருவாதீர்கள். உயரம் முடிவான பிறகே வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம். டயர் அளவு மாறியிருந்தால் இசிஎம்மில் அதை மாற்றி எழுத வேண்டும். இல்லாவிட்டால் வேகமானி பொய் சொல்லும், கியர் தப்பான நேரத்தில் மாறும்.

காலி இடத்தில் 50 கி.மீ. ஓட்டி வந்ததும் எல்லா மவுன்ட் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகட்டுக்கு ஒரு மெழுகுக் கோடு போட்டுவிடுங்கள், கழன்றால் கோடு விலகிக் காட்டும். 500 கி.மீ.யில் மறுபடி, அப்போது டார்ச் அடித்து முன் தூண் அடி, பின்சுவர் மூலைகள், ஸ்டியரிங் பெட்டி மாட்டிய இடம், பெடல் தாங்கி வெல்டு ஆகியவற்றில் பெயின்ட் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு இடைவெளிகளையும் முறுக்கச் சோதனையில் எழுதிவைத்த பத்து எண்களோடு ஒப்பிடுங்கள்.